ஒன்பது கண் மணி

அன்புள்ள அப்பா,

இன்று நடந்ததை ஒன்றுகூட மறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன்.

நீங்கள் சேர்த்துவைத்த பழைய கல்மணிகளை உங்கள் புது வீட்டுக்கு எடுத்துவர நீங்கள் அனுப்பிய பழம்பொருள் கடைக்காரர், நான் பள்ளிவிட்டு வந்ததும் வந்தார். உங்கள் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு கல்மணியையும் லென்ஸில் சோதித்துப் பெட்டியில் அடுக்கினார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

கண் கண்ணாக ஒன்பது வட்டம் போட்ட திபெத்து மணியை மட்டும் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய கல்லுன்னா துளைக்குள்ள அழுக்கு இருக்கணும் பாப்பா. இது பளிச்சுனு இருக்கே! யாரோ புதுசை வச்சிருக்காங்க. அசல் ஒன்பது கண் மணி எங்க?"

ஆறு வயதில், உங்களுக்கு உதவுவதாக நினைத்து, ஊசியும் சோப்பும் வைத்து அதன் துளையைச் சுத்தம் செய்தவள் நான்தானே! நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆயிரம் வருஷ அழுக்குடி வண்டு! பத்து நிமிஷத்துல காலி பண்ணிட்டியே!" என்று சிரித்தீர்கள். பிறகு அதை என் கன்னத்தில் வைத்து, "ஜில்லுனு இருக்கா? அப்ப கல்லுதான், கண்ணாடி இல்ல" என்றீர்கள். அதன்பின் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் லென்ஸ் பிடிப்பீர்கள், நான் கன்னம் கொடுப்பேன்.

கடைக்காரரிடம், "தெரியல மாமா" என்றேன். பொய்தான்.

"அப்ப உங்கப்பாவே வந்து தேடட்டும்" என்று அவர் அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அசல் என்னிடம்தான் இருக்கிறது அப்பா. நீங்கள் நேரில் வந்தால்தான் தருவேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டு

பி.கு.: காலியான கண்ணாடி அலமாரியின் விளக்குகளை அம்மா இப்போதுதான் அணைத்தாள்.