ஏழாவது கட்டம்

பெங்களூர்
11.6.1996

ஹமீது,

இன்று செவ்வாய், காலை பதினொன்று இருபது. நம் இணைக் கணினியின் பதினாறு செயலிகளில் பதினைந்து சும்மா கிடக்கின்றன. ஏழாவது மட்டும் மூச்சு முட்ட ஓடுகிறது. அது முடிக்காமல் மற்றவை அடுத்த படிக்குப் போக முடியாது. புயலடித்தால் நம் கடற்கரையில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டிய நிரல். இந்த வேகத்தில் புயல் கரை கடந்த பிறகுதான் விடை வரும்.

கடலைச் செயலிக்கு ஒன்றாகப் பதினாறு சமக் கட்டங்களாக நானே பிரித்தேன். அதில் பிசகில்லை. அப்படியானால் ஏழாவதில் வேறு ஏதோ ஒளிந்து ஓடுகிறது. ஊருக்குப் போகும் முன் அதில் கடைசியாக வேலை செய்தது நீ. உன் துபாய் மாமாவின் கப்பல் கணக்கை அதில் ஓட்டுகிறாயா? நேராகச் சொல். ஆய்வகத் தலைவரிடம் சொல்லி உன் லாகினை மூட வைத்துவிட்டேன்.

குருநாதன்

கீழக்கரை
17.6.1996

அன்புள்ள குருநாதா,

நலம். நீயும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். தங்கச்சி சபியாவின் நிக்காஹ் வேலையில் இருக்கிறேன். உன் கடிதமும், இனி ஆய்வகத்துக்கு வர வேண்டாம் என்ற தலைவரின் கடிதமும் ஒரே தபாலில் வந்தன. "அங்கன யாருலே உனக்கு?" என்று வாப்பா கேட்டார். கூட்டாளி என்றேன்.

ஏலே சிக்கல் ஊர்க்காரா, புஞ்சை மாதிரி கடலைக் கயிறு போட்டு அளந்திருக்கே. ஆழ்கடலில் ஒரு கட்டத்துக்குக் கணக்குப் போட நூறு புள்ளி போதும். காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் ஓடை ஓடையாக ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறோம். அத்தனையும் உன் ஏழாவது கட்டத்தில். பரப்பு சமம், வேலை சமமில்லை.

கரைவலை இழுக்கப் பார்த்ததில்லையா? இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். நீரோட்டம் மாறி ஒரு கயிறு கனத்தால், மற்றதில் இருப்பவர்கள் ஓடிவந்து பிடிப்பார்கள். என் பங்கு முடிந்தது என்று எவனும் கைகட்டி நிற்பதில்லை.

மாமாவிடம் கப்பல் ஏதுடா? அவர் துணிக்கடையில் நிற்கிறார்.

ஹமீது சுல்தான்

பெங்களூர்
25.6.1996

ஹமீது,

உன் விளக்கத்தையும் முதலில் நம்பவில்லை. தப்பிக்கப் பார்க்கிறாய் என்றே நினைத்து ஏழாவதைத் துழாவினேன். நம் நிரலைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு புள்ளிகளை எண்ணிப் பிரித்தேன். தண்ணீர் கரையேறும்போது கனக்கும் பங்கில் ஒரு பகுதியை, சும்மா இருக்கும் செயலி எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். ஒன்பது மணி நேர வேலை ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. அதையும் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். அதே விடை.

தலைவரிடம் சொன்னேன். "சந்தேகத்துக்கு ஆளானவனைத் திரும்ப எப்படிப்பா எடுக்கிறது?" என்கிறார். சந்தேகப்பட்டவன் நான், உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

இனி செய்யப்போவது:

1. நாளைய கூட்டத்தில், தவறு என் பங்கீட்டில்தான் என்று எல்லார் முன்னும் படம் போட்டுக் காட்டுவேன்.
2. அதையே எழுதிக் கையெழுத்திட்டு அவர் மேசையில் வைப்பேன்.
3. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். உன் லாகின் திறக்காவிட்டால் என்னுடையதையும் மூடச் சொல்வேன்.
4. மூடினால், ஊருக்கு, சிக்கலுக்கு ரயிலேறுவேன். "அந்த மிஷின்ல என்னத்தடா செய்யிறே?" என்று அய்யா கேட்பார். உன் கரைவலைக் கதையைச் சொல்வேன்.

குருநாதன்