வெப்சைட்டுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

8 ஜனவரி 2006, ஞாயிறு

கம்ப்யூட்டர் கடை ரிஜோ வந்திருந்தான். நம் மிளகாய் வத்தல் கடை வெப்சைட்டுக்கு இந்த வருட ரினிவல் நாலாயிரத்து எண்ணூறாம். போன வருடம் இரண்டாயிரத்து ஐந்நூறுதான்.

"நான் எடம் வாங்குத சர்வர்காரன் ஏத்திட்டான் அண்ணாச்சி. என் கையில ஒண்ணுமில்ல."

பார்ப்போம் என்றேன். சென்னைக் கம்பெனி ஒன்று ஆயிரத்து ஐந்நூறுக்கே தருவதாகப் பேப்பரில் விளம்பரம். அதைக் கத்தரித்து மேசைக்குள் வைத்திருக்கிறேன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

9 ஜனவரி

வத்தல் கடைக்கு எதற்குடா வெப்சைட் என்று பஜாரே சிரித்தபோது, மிளகாய் நெடியில் தும்மித் தும்மி போட்டோ எடுத்து, ஆசை ஆசையாகச் செய்து தந்தவன் அவன். கொழும்பு வியாபாரி நம்மைத் தேடி வந்ததே அதைப் பார்த்துத்தான். அவனிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? அதற்காக இத்தனை ரூபாயைச் சும்மா தூக்கிக் கொடுப்பதா?

என் மனைவி உமா சொன்னாள்: "இதுக்குப் போயி ஏன் மண்டையப் போட்டு ஒடைக்கீங்க? அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா ரிஜோகிட்டயே இருப்போம். செவப்பு வந்தா மாறிருவோம்."

10 ஜனவரி, செவ்வாய்

கட்டியவர் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் வைத்தேன், உமா ஒன்றை எடுத்தாள். செவ்வரளி வந்தது.

வராமல் என்ன செய்யும்? இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைத்தானே வைத்துக் கட்டினேன். வெள்ளை அரளியைத் தூணுக்குப் பின்னால் போட்டுவிட்டேன். அவளானால் கண்ணை மூடி, அம்மா தாயே என்று உருகிக் கும்பிட்டு எடுக்கிறாள்... மிச்சம் எனக்கு, பழி அம்மனுக்கு. ச்சே, என்ன பிழைப்பு இது. இன்னொரு பொட்டலத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன்.

11 ஜனவரி

ரிஜோவிடம் சொன்னேன். "அம்மனே சொன்ன பெறகு என்ன இருக்கு அண்ணாச்சி" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய மெயிலையெல்லாம் சீடியில் போட்டு, சென்னைக்குப் போன் பண்ணி, அவனே மாற்றியும் கொடுத்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். எங்கள் அம்மனை என்னைவிட அவன் நம்பிவிட்டான்.

12 ஜனவரி

அந்தப் பொட்டலம் எங்கே? சட்டை கொடியில் காய்கிறது. பை காலி. உமா வழக்கம்போலக் காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

20 பிப்ரவரி

பருத்திக் கடை மாதவனும் ரிஜோவை விட்டு மாறிவிட்டான். "நந்தகோபால் அண்ணாச்சி, ஒங்களுக்கே அம்மன் உத்தரவு ஆயிட்டு, நான் மட்டும் ஏன் கூடக் குடுக்கணும்?" என்று என்னிடமே சொல்லிச் சிரிக்கிறான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு கடைக்காரர்கள். ஐயோ, நான் எனக்குத்தானே கட்டினேன்!

19 மார்ச், ஞாயிறு

விளாத்திகுளத்திலிருந்து புது வத்தல் வந்து இறங்குகிற நேரம் பார்த்து நாலு நாளாக மெயில் இல்லை. சென்னைக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் போடுகிறான். கடைசியில் உமாதான் ரிஜோவைக் கூப்பிட்டாள். சர்ச்சிலிருந்து நேரே வந்து, உட்கார்ந்து, சரிபண்ணிவிட்டுத்தான் காபியைத் தொட்டான். பணத்தை நீட்டினேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. அம்மன் சொன்னதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

உமா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

5 நவம்பர்

ரிஜோ இரண்டு கம்ப்யூட்டரை விற்றுவிட்டான். அவன் மனைவி ஜீனாவுக்கு இது ஏழாம் மாதம். "பிள்ள பொறந்ததும் கடையப் பூட்டிட்டுத் திருப்பூருக்குப் போகலாம்னு பாக்குதேன்" என்றான். போகாதேடா என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

6 ஜனவரி 2007

சென்னைக்காரன் மெயில். முதல் வருடத்துக்கு மட்டும்தான் அந்தச் சலுகையாம். இந்த வருடம் ஐயாயிரத்து இருநூறு. நல்லா வேணும் எனக்கு.

ரிஜோவிடமே திரும்பப் போகலாம்தான். ஆனால் அம்மன் உத்தரவை மீறி எப்படி வந்தீங்க என்று அவன் கேட்டால்? உமாவிடம் புலம்பினேன். "அதுக்கென்ன, மறுபடி பூக்கட்டிப் பாத்தாப் போச்சு. இந்தத் தடவ நான் கட்டுதேன், நீங்க எடுங்க" என்றாள், அரிசியைப் புடைத்தபடியே.

9 ஜனவரி, செவ்வாய்

உமா கட்டி வைத்த இரண்டு பொட்டலத்துக்கு முன்னால் நின்றேன். செவ்வரளி வந்தால் அந்தப் பையன் ஊரை விட்டே போய்விடுவான். தாயே, போன வருடம் செய்ததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவனை ஒன்றும் செய்துவிடாதே என்று மனசுக்குள் கதறிவிட்டுத்தான் எடுத்தேன்.

வெள்ளை. அழுதேவிட்டேன்.

உமா குங்குமம் வாங்கப் போனாள். மற்றப் பொட்டலம் படியிலேயே கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை.

போன வருடம் அந்தச் சட்டையைத் துவைத்தது அவள்தானே.

திரும்பி வந்தவள் என் கையைப் பார்த்தாள், நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டாள். "வாங்க, அவன் கடை அடைக்கதுக்குள்ள போவோம்" என்றாள். அவ்வளவுதான்.

ரிஜோ கம்ப்யூட்டர்களைத் துணியால் மூடிக்கொண்டிருந்தான். திரும்ப அவனிடமே வருவதாகச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அம்மன் உத்தரவா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"இல்லடா. ஒன் மதினி உத்தரவு."