பாலத்துக்கு ஒரு பலகை

ஜூன் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இப்படி அழைக்கலாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்தேன். என் மகனும் உங்கள் மகளும் விவாகரத்து வாங்கிப் பிரிந்து ஒரு வருடமாகிறது. வேறு எப்படி அழைப்பதென்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தோஷச் செய்தி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் செய்துகொண்டிருந்த ரயில் பாலத்தின் மாதிரி முடிந்துவிட்டது. நாலடி நீளம், முழுக்கப் பித்தளை. ரயில் நிலையத்தின் புதிய காத்திருப்பு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். ஜூலை 20 திறப்பு விழா. கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் மழை தொடங்கியதும் அடிப்பலகை வில்லாக வளைந்து, பாலத்தில் இரண்டு இடத்தில் பற்றவைப்பு விட்டுவிட்டது. நல்ல தேக்கு, அகலமான ஒரே பலகை, மேலே மூன்று பூச்சு வார்னிஷ். என்ன தப்புச் செய்தேன்? மரத்தைப் பற்றிக் கேட்க எனக்கு உங்களை விட்டால் யார்?

உங்கள் சம்பந்தி

ஜூன் 9

அன்புள்ள சம்பந்தியம்மா,

ஒரு வருடமாக ஒரு வரி இல்லை. பலகை வளைந்ததும்தான் என் ஞாபகம் வந்ததா? அந்தப் பலகை நன்றாக இருக்கட்டும். உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே இரண்டு முறை படித்தேன். கதவுக்கு மரம் கேட்டு வந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயே போய்விட்டார்.

வார்னிஷை மேலே மட்டும் அடித்திருக்கிறீர்கள். அடிப்பக்கம் ஈரத்தைக் குடிக்கிறது, மேல்பக்கம் குடிப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் உப்பினால் பலகை வளையாமல் என்ன செய்யும்? அகலமான ஒற்றைப் பலகை தேக்கே ஆனாலும் நம்ப முடியாது. உங்களுக்கு நல்ல ப்ளைவுட்தான் சரி. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அழகுக்கு, தாள் போல மெல்லியதாகச் சீவிய தேக்கை இரண்டு முகத்திலும் ஒட்ட வேண்டும். மேல், கீழ், ஓரம் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வார்னிஷ்.

நானே செய்து அனுப்புகிறேன். வந்ததும் பாலத்தை ஏற்றிவிடாதீர்கள். இரண்டு வாரம் உங்கள் வீட்டுக் காற்று அதற்குப் பழகட்டும். தினமும் இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மரக்கடைக்காரி

ஜூலை 2

அன்புள்ள சம்பந்தியம்மா,

பலகை வந்து பதினாறு நாள். வெளியே விடாத மழை. ஸ்கேலுக்கு அடியில் ஒரு நூல் வெளிச்சம்கூட இல்லை. விட்டுப்போன பற்றவைப்பைச் சரிசெய்து, நேற்றுதான் பாலத்தை ஏற்றித் திருகினேன். தட்டிப் பார்த்தேன், பாலம் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். பார்சலில் உங்கள் கடை முகவரியைப் பார்த்ததும் முகம் மாறியது. “இன்னும் அவங்களோட பேசிட்டுதான் இருக்கியா?” என்றான்.

“நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சீங்க. நாங்க எப்போடா பிரிஞ்சோம்?” என்றேன்.

அவனே ஸ்கேலை எடுத்துப் பலகைமேல் வைத்துக் குனிந்து பார்த்தான்.

திறப்பு விழாவுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும்.

உங்கள் சம்பந்தி

ஜூலை 8

அன்புள்ள சம்பந்தியம்மா,

வர எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். உங்கள் முதல் கடிதம் வந்த வாரம்தான் மகளுக்குப் பதிவுத் திருமணம் நடந்தது. நல்ல பையன். அவன் அம்மாவும் நல்லவர்தான், ஆனால் ப்ளைவுட் என்று ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிறார்.

எழுதத் தைரியம் வரவில்லை. இத்தனை நாள் கழித்து வந்த உங்கள் கடிதம் இதோடு நின்றுவிடுமோ என்ற பயம். இதைக் கேட்ட பிறகும் கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் பலகை வளையாது, கவலைப்படாதீர்கள்.

மரக்கடைக்காரி

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

படித்ததும் மனசு ஒரு நிமிடம் கனத்தது உண்மைதான். மகனிடமும் சொன்னேன். “அவ நல்லா இருக்கட்டும்மா” என்றான்.

ரயில் நிலையத்திலிருந்து விருந்தினர் பட்டியல் கேட்டார்கள். அதில் உறவுமுறை எழுத ஒரு கட்டம் இருந்தது. சம்பந்தி என்று எழுத முடியாது. நீங்கள் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், யோசிக்காமல் அக்கா என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மகன் அதைப் படித்தான், திருத்தவில்லை.

எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள். நான் கேட்கவில்லை, அவன் கேட்கிறான். “மழையில நிக்க வேணாம், நானே போய்க் கூட்டிட்டு வரேன்” என்கிறான்.

உங்கள் தங்கை