வேரைப் பிடுங்கிப் பார்க்கிற ஆள்

ஏங்க, ஆர்க்கிட் சட்டிகளில் போடக் கரித்துண்டு வாங்கப் போன அவசரத்தில் போனை மேசையிலேயே விட்டுவிட்டீர்கள். அதனால்தான் இந்தச் சீட்டு.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஆர்க்கிட் கன்றுகளுக்கு இன்று தண்ணீர் வேண்டாம், ஈரம் காயவில்லை. வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தால் அது எப்படிங்க பிடிக்கும்? என்னையும் அப்படித்தான், “கட்டி பெருசாச்சா, வலிக்குதா?” என்று நச்சரித்தீர்கள். அதனால்தான் நேற்று, “நாளைக்கு டெஸ்ட் ரிப்போர்ட்ட நானே போய் வாங்கிக்கிறேன், நீங்க வராதீங்க” என்று எரிந்து விழுந்தேன்.

செருப்பு மாட்டியபின் எழுதுகிறேன்: கரியை வாசலிலேயே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். எனக்குப் பார்க்கப் பயம். பிடுங்கிப் பார்க்கிற ஆள் நீங்கள்தானே, ரிப்போர்ட் உறையை நீங்களே பிரியுங்கள்.