சம்பந்திக்கு எதிரே ஒரு காலி இடம்

மச்சான்,

உன் குட்டி நோட்டை இன்று காலை மறுபடி திறந்தேன். பெலாச்சான், அந்த இறால் விழுது வாடை இன்னும் போகவில்லை. தஞ்சோங் கிளிங்கில் உன் சுட்டமீன் கடை அடுப்புக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் கிடந்த நோட்டு ஆயிற்றே. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. துணி அலமாரியில் அதை வைக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரி தடை போட்டுவிட்டாள். அதனால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்தோம். மூன்றாம் படிவத்தோடு படிப்புக்கும் எனக்கும் ஒத்துவராமல், நான் பேக்டரி பஸ் ஓட்டப் போனேன். நீ கப்பலில் சமையல்காரனாகப் போனாய். சிலி நாட்டு மாலுமிகளுக்குச் சோறு போட்டு, பதிலுக்கு அவர்கள் ஸ்பானிய மொழியை வாங்கி வந்தாய். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் என்னை உட்காரவைத்து அந்த நோட்டைக் காட்டிப் பீற்றிக்கொள்வாய். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தமிழ் எழுத்திலேயே ஸ்பானியச் சொல். விளங்காத இடத்தில் ஒரு படம். இங்கிலீஷ் ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நாம ரெண்டு பேரு பேசுறதுக்கு நடுவுல இங்கிலீஷ்காரன் எதுக்குடா?" என்றாய். என் இங்கிலீஷின் லட்சணத்துக்கு அது எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது.

முதல் வரியே 'மச்சான் - குன்யாதோ'. அக்காள் தங்கை உறவே இல்லாதவனையும் அந்த மாலுமிகள் குன்யாதோ என்று கூப்பிடுவார்களாம், நம்மைப் போலவே. இங்கிலீஷில் ஒருவனை அப்படிக் கூப்பிட்டால் எந்த அக்காளைச் சொல்கிறாய் என்று சண்டைக்கு வருவான் என்று சிரித்தாய்.

என் மகள் கோலாலம்பூரில் கூட வேலைபார்த்த மெக்சிகோக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். கல்யாணம் முடிந்ததும் மெக்சிகோவில் மாமியார் வீட்டில்தான் வாசம் என்று முன்பே முடிவாகியிருந்தது. அவனைத் தனி ஆளாக வளர்த்த அந்த அம்மாவுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. என் பிள்ளை போய் வாழப்போகிற வீட்டு அம்மா கல்யாணத்துக்கு வரும்போது நான் ஊமையாக நின்றா வரவேற்பது? உறவைச் சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட்டுவிட வேண்டும் என்று துடித்தேன்.

மகளிடம் கேட்டேன். இங்கிலீஷ் வழியாகத் தேடி 'சுவேக்ரா' என்று சொன்னாள். ஒரு வாரம் பஸ் ஓட்டிக்கொண்டே அதைச் சொல்லிப் பழகினேன். பிறகு வீடியோ போனில் மாப்பிள்ளையிடம் ஒப்பித்தேன். பையன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அது மாமியாராம். என்னைவிட வயதில் சின்னவரை நான் என் மாமியார் ஆக்கியிருக்கிறேன்.

"எங்கம்மா ஒருத்தி பத்தலையா ஒங்களுக்கு?" என்றாள் வீட்டுக்காரி.

இங்கிலீஷில் இதற்கெல்லாம் தனிச்சொல் கிடையாது, பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள் என்றாள் மகள். பட்டதாரியோடு வாதாடி நான் எந்தக் காலத்தில் ஜெயித்தேன்? ஆனால் சம்பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வராது. உன் நோட்டைப் புரட்டினேன். மாமா இருந்தது, கொழுந்தன் இருந்தது. 'சம்பந்தி'யும் இருந்தது. எதிரே காலி. பென்சிலில், 'தேவப்படும்போது கேட்டுக்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தாய்.

தேவைப்பட்டது, மச்சான். நீ செய்வதையே நானும் செய்தேன். ஒரு தாளில் இரண்டு வீடு வரைந்தேன். ஒன்றில் தொந்தியோடு நான், பக்கத்தில் வீட்டுக்காரி. மற்றதில் அவன் அம்மா. நடுவில் பிள்ளைகள் இருவரும் கைகோத்து. என் தொந்தியிலிருந்து அந்த அம்மாவரை ஒரு கோடு இழுத்துப் போனுக்கு நேரே பிடித்தேன். மகள் இங்கிலீஷில் விளக்க வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"மாப்பிள்ள, இந்தக் கோட்டுக்கு என்னா பேரு?"

அவனுக்கு அதற்குள் நம் பேச்சு கொஞ்சம் பழகியிருந்தது. படத்தை உற்றுப் பார்த்தான். "கொன்சுவேக்ரா" என்றான், சாதாரணமாக.

இருக்கிறது! அவர்களுக்கும் சம்பந்தி இருக்கிறாள். மகள் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு, "இருக்குதுப்பா" என்றாள். அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கல்யாணத்துக்கு வந்த அந்த அம்மா எங்கள் புக்கிட் பெருவாங் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கினார். விமான நிலையத்திலிருந்து வழிநெடுக வாயே திறக்கவில்லையாம். கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரி கையிலிருந்த சந்தனத்தையும் பன்னீர்ச் செம்பையும் மிரண்டு பார்த்தார். முடிக்கு மை பூசி, தொந்தியை எக்கிக்கொண்டு நான் முன்னே போனேன்.

"கொன்சுவேக்ரா, வாங்க."

நின்றுவிட்டார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைப்பை கீழே இறங்கியது. "கொன்சுவேக்ரோ" (ஆண் சம்பந்தி என்றால் அப்படியாம்) என்று சொல்லி, நான் சுதாரிப்பதற்குள் கட்டிப்பிடித்துவிட்டார். சந்தனக் கிண்ணம் இடிபட்டு என் புதுச்சட்டையில் பாதி. அப்புறம் என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்து, அவளையும் கொன்சுவேக்ரா என்றார். என்னைக் கேலி செய்தவள் கூச்சமே இல்லாமல் அதையே திருப்பிச் சொன்னாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பேரும் தோசை முடியும்வரை பேசினோம்.

போன வாரம் மகள் விமானம் ஏறினாள். பஸ்ஸை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே. இன்று காலை போன் அடித்தது. மகளுக்கு முந்திக்கொண்டு சம்பந்தி முகத்தைக் காட்டினார். "கொன்சுவேக்ரோ" என்று கூப்பிட்டுவிட்டுப் போனைத் திருப்பினார். வாய் நிறைய ரொட்டியோடு என் பிள்ளை சிரிக்கிறாள்.

அதன் பிறகுதான் நோட்டைத் திறந்து, நீ விட்ட காலி இடத்தை நிரப்பினேன். உன் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து நொண்டிக்கொண்டு நிற்கிறது. மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கருவாட்டு வாடை அடிக்கிறது என்று பேக்டரிப் பெண்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள்.

அடிக்கட்டும், குன்யாதோ.