நடுச்சுவரின் மறுபக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் பாப்பாவும் நலமா? அத்தைக்கு முட்டிவலி தேவலையா?

கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று நான் இரண்டு தரம் எழுந்து போனால் "சந்தேகப் பிராணி" என்று சிரிப்பீர்களே, அந்தச் சந்தேகத்துக்கு இங்கே ஆஸ்பத்திரியில் மாலை போடாத குறைதான்.

போன வாரம் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். மூன்று மாதமாக இடது மூக்கில் அடைப்பு, அவ்வப்போது ரத்தம். சதை வளர்ந்திருக்கிறது, அறுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் நாள்கூடக் குறித்துவிட்டார். நான் மெல்லிய கம்பியால் தொட்டுப் பார்த்தேன். வழக்கமான சதை என்றால் அசையும். இது மூக்கின் நடுச்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. யாரும் பார்க்காத வலது மூக்கிலும் விளக்கடித்தேன். அங்கேயும் சுவர் லேசாகப் புடைத்திருந்தது.

"ஸ்கேன் பார்க்காம கத்தி வைக்க வேண்டாம் சார்" என்றேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்மா" என்று பெரிய டாக்டர் முகம் சுளித்தார்.

ஸ்கேனில் பார்த்தால், முழுக்க ரத்தக்குழாய்க் கட்டி! சும்மா அறுத்திருந்தால் ரத்தத்தை நிறுத்தவே திண்டாடியிருப்போம். தக்க ஏற்பாட்டோடு எடுத்தோம். புற்றுநோய் இல்லை என்று நேற்று முடிவும் வந்துவிட்டது. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும், "இனிமே இந்தம்மா பார்க்காம எந்த மூக்கையும் தொடாதீங்கப்பா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாப்பா பாடம் படிப்பதைப் பதிவுசெய்து அனுப்புங்கள். தப்பாகப் படித்தாலும் பரவாயில்லை, நீளமாக இருக்கட்டும்.

வார்டில் கூப்பிடுகிறார்கள். படுக்குமுன் கதவை நீங்களாவது இரண்டு தரம் பாருங்கள். நான் இங்கே என் அறையை ஒரு தரம்தான் பூட்டுகிறேன். உள்ளேதான் யாரும் இல்லையே.

உங்கள்
சந்தேகப் பிராணி