இருநூற்று இருபத்தொன்று

27.6.2011, திங்கள்
பள்ளி திறந்து பன்னிரண்டு நாள். சமச்சீர் கல்வி வழக்கு முடியாததால் பாடப்புத்தகம் இன்னும் வரவில்லை. அதைச் சாக்காக வைத்து, எட்டாம் வகுப்பில் காவேரி புளியங்கொட்டை விளையாட்டு நடத்துகிறாள். பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட தற்காலிக ஆசிரியை. பன்னிரண்டு கொட்டையை எத்தனை விதமாகச் செவ்வகமாக அடுக்கலாம், பதின்மூன்று ஏன் ஒரே வரிசையாக மட்டும் நிற்கிறது — இதுதான் கணக்குப் பாடமாம். பக்கத்து வகுப்பில் நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். எனக்கு இவ இன்னாத்த காட்டப்போறா?

30.6.2011
இன்றும் சத்தம்.

8.7.2011
"இது ஸ்கூலா, பால்வாடியாம்மா?" என்று கேட்டேன். "அவங்களே கண்டுபிடிக்கட்டும் சார்" என்றாள். பிள்ளைகள் முன்னால்! திமிர்.

14.7.2011
வேண்டுமென்றே தலைமையாசிரியர் அண்ணாதுரையை எட்டாம் வகுப்புக்கு அழைத்துப்போனேன். சந்தனமாரியை எழுப்பினேன். தென்காசிப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவரின் மகள். "தொண்ணூற்றொன்று பகா எண்ணா?" எல்லாரும் ஆமாம் என்று மாட்டிக்கொள்கிற எண் அது.

"இல்ல சார். ஏழு வரிச வைக்கலாம். வரிசைக்குப் பதிமூணு."

அண்ணாதுரை சிரித்தார். என்னைப் பார்த்துத்தான்.

17.8.2011
புத்தகம் வந்துவிட்டது. காவேரி வகுப்பு நோட்டுகளைத் தூக்கிப்போய் அண்ணாதுரையின் மேஜையில் போட்டேன். எல்லாம் கட்டமும் புள்ளியும். "காலாண்டுல மொத்தமும் ஃபெயிலாவும் சார். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

ஒவ்வொன்றாகப் புரட்டினார். "அப்ப நீங்களே எடுத்துக்குங்க, பரசுராமன்."

18.8.2011
காவேரியை நிறுத்திவிட்டார்கள். கிளம்பும்போது என்னிடம் வந்தாள். "நீங்களா சார் சொன்னீங்க?"

"ஆமா."

பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நிம்மதி. நிம்மதிதானே?

25.8.2011
எட்டாம் வகுப்பு இப்போதுதான் வகுப்பு மாதிரி இருக்கிறது. சொன்னதை எழுதுகிறார்கள். மூச்சு விடுவதில்லை.

5.9.2011, திங்கள்
நோட்டு திருத்தினேன். 221, 223, 227, 229 — நான்கும் பகா எண்கள் என்று போன வாரம் போர்டில் எழுதிப்போட்டிருந்தேன். அத்தனை பேரும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். சந்தனமாரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் சின்னதாக: 13 × 17.

பெருக்கிப் பார்த்தேன். 221.

மற்ற நோட்டுகளின் கடைசிப் பக்கங்களையும் திருப்பினேன். பாதிக்கு மேல் அதே பதின்மூன்று, அதே பதினேழு. தெரிஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு. ஒண்ணுகூட வாயைத் திறக்கல.

6.9.2011
"ஏன் சொல்லலை?" என்று சந்தனமாரியைக் கேட்டேன்.

"நீங்க எழுதத்தான சார் சொன்னிய" என்றாள். தலைகுனியாமல் சொன்னாள். வகுப்பு முழுக்க என்னையே பார்த்தது. போர்டில் 221-ஐ மறுபடி எழுதி அடித்துக் காட்டினேன். ஒருவரும் நோட்டைத் திறக்கவில்லை.

10.9.2011, சனி
சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் காவேரி. கம்பெனி சட்டை, கழுத்தில் அட்டை. ஷிப்டு வேனுக்கு நிற்கிறாள். பார்க்காத மாதிரி போயிருக்கலாம். கிட்டே போனேன்.

"இருநூத்தி இருபத்தொண்ணைப் பகா எண்ணுன்னு நடத்திட்டேன்மா." வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். "பசங்க கண்டுபுடிச்சாங்களா சார்?"

"புடிச்சாங்க. எங்கிட்ட சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

வேன் வந்தது. திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாள்.

12.9.2011, திங்கள்
எட்டாம் வகுப்புப் போர்டில் 247 என்று மட்டும் எழுதினேன். "பகா எண்ணா, இல்லையா? எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை ஒருவரும் பேசவில்லை. அழிக்காமல் விட்டு வந்தேன்.